எஞ்சின் விளக்கும் இருபத்தைந்து சிட்டிங்கும்

ஜூன் 5, திங்கள்

முதல் சிட்டிங் முடிந்தது. தினமும் என் மனைவி சாந்தாமணி என்ன சாப்பிட்டாள், காய்ச்சல் இருந்ததா, தோல் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவரும்படி நர்ஸ் சொன்னார். எழுதுவது எனக்குப் புதிதில்லை. உடுமலையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டைப் பற்றி எழுதுவதுதான் புதிது.

பிப்ரவரியில் இடது மார்பில் ஆபரேஷன். மே மாதத்தோடு கீமோ முடிந்தது. இனி ரேடியேஷன், அதாவது கரண்ட் வைக்க வேண்டும். அப்படித்தான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் இருபத்தைந்து நாள், கோவைக்குப் போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. உள்ளே படுத்திருப்பது என்னவோ பத்து நிமிடம்தான்.

சாந்தாமணியின் அண்ணன் மயில்சாமி, இருபத்தைந்து நாளும் தன் காரை டிரைவரோடு அனுப்புவதாகச் சொன்னார். நம்மிடம் கார் இருக்கிறது, நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை இட்லி மூன்று. மதியம் ரசம் சாதம். காய்ச்சல் இல்லை.

ஜூன் 7, புதன்

மூன்றாவது சிட்டிங். திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டி, பாலத்துக்காகத் தோண்டிப்போட்ட இடத்தில் ஒரு கல் வண்டிக்கு அடியில் பலமாக இடித்தது. அதிலிருந்து உடுமலை வரை டிராக்டர் மாதிரி சத்தம். ஊரே திரும்பிப் பார்த்தது. சாந்தாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது.

வண்டியை மெக்கானிக் தண்டபாணியின் ஷெட்டில் விட்டேன். சைலன்சர் உடைந்துவிட்டது. அதற்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா உண்டாம், அதுவும் நசுங்கிவிட்டதாம்.

ஜூன் 8, வியாழன்

மயில்சாமியின் காரில் போனோம். டிரைவரை அனுப்பாமல் அவரே வந்தார். நான் முதலிலேயே சொன்னேனே, கேட்டீர்களா மாப்பிள்ளை என்று சிரித்தார். தவறாக எதுவும் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் போக வரப் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, சனி

கம்பெனி சாமான் வரப் பத்து நாளாகும் என்றான் தண்டபாணி. ஆனால் வேறொருவர் சொல்லிவைத்துவிட்டு வாங்காமல் போன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சைலன்சர் செட் ஒன்று ஷெட்டில் இருந்தது. வெளியிலிருந்து வரவழைத்தது. என் வண்டிக்குப் பொருந்தும், இன்றே மாட்டிவிடலாம் என்றான். அது எப்படிச் சத்தம் போடும் என்று செல்போனில் காட்டினான்.

பத்து நாள் காத்திருக்க முடியாது என்பதால் அதையே மாட்டச் சொன்னேன்.

சத்தம் கரகரப்பாக இல்லை. அடிவயிற்றிலிருந்து பேசுகிற ஆளின் குரல் மாதிரி கனமாக இருக்கிறது. சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பதற்காகத் தளி ரோட்டில் திருமூர்த்தி மலை வரை இரண்டு தடவை போய்வந்தேன்.

ஜூன் 12, திங்கள்

ஆறாவது சிட்டிங். கோமங்கலம் தாண்டியதும் ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. வண்டியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சாந்தாமணிதான் முதலில் பார்த்தாள்.

"ஏனுங்க, அது எரியறப்ப ஓட்டலாமுங்களா?"

ஓட்டலாம் என்றேன். ஆனால் கோவை வரைக்கும் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆபரேஷன் முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த மூன்று நாளும், தலைமாட்டில் இருந்த மெஷினில் ஏதாவது விளக்கு எரிந்தால் யாராவது ஓடிவருவார்கள். அதிலிருந்து அவளுக்கு இப்படி விளக்கு எரிந்தாலே நடுக்கம்.

காலை இட்லி இரண்டு. தோல் லேசாகச் சிவந்திருக்கிறது.

ஜூன் 14, புதன்

நேற்று தண்டபாணி ஸ்கேனரை மாட்டி விளக்கை அணைத்தான். இன்று பொள்ளாச்சி போவதற்குள் மறுபடி எரிந்தது. சாந்தாமணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஜூன் 15, வியாழன்

ஒன்பதாவது சிட்டிங் முடிந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். தண்டபாணி விளக்கமாகச் சொன்னான். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார் இருக்கிறது. புகை சுத்தமாகி வருகிறதா என்று பின்னால் இருப்பது பார்க்கும். நாம் மாட்டிய பைப்பில் கன்வெர்ட்டரே கிடையாது. அதனால் சுத்தமாகவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கம்பெனி சாமானை வரவழைத்துப் பழையபடி மாற்றலாம். அல்லது புது கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி இந்தப் பைப்பில் வெல்டிங் வைக்கலாம், இரண்டு நாள் வண்டியை விட வேண்டும். அதுவும் இல்லையென்றால் கட்டைவிரல் அளவில் ஒரு உருண்டைத் துண்டு இருக்கிறது. அதை இடையில் வைத்து சென்சாரைக் கொஞ்சம் தள்ளி மாட்டினால் புகை நேராகப் படாது, விளக்கு எரியாது. அரைமணி நேர வேலை.

"இது லைட்டத்தான் ஏமாத்துமுங்க. வண்டிய சரி பண்ணாது. அதையும் சொல்லீர்றேன்" என்றான்.

இருபத்தைந்து முடியட்டும், பிறகு கம்பெனி சாமானே போட்டுக்கொள்ளலாம் என்றேன். சென்சாரின் ஒயர் வண்டியின் தரை வழியாக உள்ளே வந்து பின் சீட்டுக்கு அடியில் இணைகிறது. சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை விலக்கி, ஒயரை இழுத்து மாட்டினான். விளக்கு அணைந்தது. வில்லங்கம் இல்லை என்று சான்று கையில் வாங்கின மாதிரி இருந்தது.

ஜூன் 16, வெள்ளி

பத்தாவது. விளக்கு எரியவில்லை. அவளே எட்டிப் பார்த்து, "செரியாப் போச்சுங்களா?" என்றாள். ஆம் என்றேன்.

சீட் பெல்ட் பட்டு இடதுபக்கத் தோல் எரிகிறது என்பதால் இன்றிலிருந்து பின் சீட்டில் தலையணை வைத்துப் படுத்து வருகிறாள். வரும்போது வீடு வரை நல்ல தூக்கம். எழுப்ப வேண்டியிருந்தது.

ஜூன் 19, திங்கள்

பதினொன்று. வீடு வந்ததும் தலைவலி என்று படுத்தாள். வெயிலாக இருக்கும். ரோட்டு வேலை நடக்கிற தூசி என்பதால் கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்டுத்தான் போகிறோம். என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஒரு விரல் அளவு இறக்கி வைப்பேன், அது என் பழக்கம்.

ஜூன் 20, செவ்வாய்

தலைவலி. பெட்ரோல் வாசம் வருகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். எனக்கு வரவில்லை. கீமோவுக்குப் பிறகு அவளுக்குக் கொத்தமல்லித் தழையே மண்ணெண்ணெய் வாசம் அடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மல்லிகை வாசனையில் கார் சென்ட் ஒன்று வாங்கி மாட்டினேன்.

ஜூன் 21, புதன்

பதின்மூன்று. திரும்பும்போது கிணத்துக்கடவில் வாந்தி. ரோட்டோரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். ஏறியதும் மறுபடி படுத்துக்கொண்டாள்.

ஜூன் 23, வெள்ளி

பதினைந்து. நோட்டை டாக்டர் ஹெப்சிபாவிடம் காட்டினேன். நெஞ்சுக்கு வைக்கும் கரண்ட்டுக்குச் சோர்வு வரும், தோல் கறுக்கும், தொண்டை எரியலாம், ஆனால் இப்படித் தலைவலியும் வாந்தியும் வழக்கமில்லையே என்றார். வாந்திக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஜூன் 25, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஒன்றுமில்லை. இன்று அவளே அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் வைத்தாள். நெய் விட்டு இருவரும் சாப்பிட்டோம். மாத்திரை வேலை செய்கிறது.

ஜூன் 27, செவ்வாய்

பதினேழு. மாத்திரை வேலை செய்யவில்லை. போகும்போதே தலைவலி ஆரம்பித்துவிடுகிறது. லிப்டுக்குப் போகும் வழியில் கால் தடுமாறி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகம் மட்டும் நல்ல நிறமாக, சிவந்து இருக்கிறது. உள்ளே கூடக் காத்திருந்த ஒரு அம்மா, உங்களுக்கு ரத்தம் ஊறியிருக்கிறது என்று சொன்னார்களாம்.

எனக்கும் இரண்டு நாளாக மண்டை கனக்கிறது. தூக்கமில்லாததுதான்.

ஜூன் 28, புதன்

பதினெட்டு. மயில்சாமி பிடிவாதமாகத் தன் காரைக் கொண்டுவந்துவிட்டார். சாந்தாமணி போக வரப் படுக்கவே இல்லை. சின்ன வயதில் இருவரும் அமராவதி வாய்க்காலில் செருப்பை விட்ட கதையை நூறாவது தடவையாகப் பேசிச் சிரித்தாள். தலைவலி என்று ஒரு வார்த்தை இல்லை.

அண்ணனோடு போனால் அவளுக்குத் தெம்பு வருகிறது. என்னோடு வந்தால்தான் நோயாளி ஆகிவிடுகிறாள் போல. நாளையும் நானே வருகிறேனே என்றார் மயில்சாமி. வேண்டாம், உங்களுக்குத் தோப்பு வேலை இருக்கும் என்றேன்.

ஜூன் 29, வியாழன்

பத்தொன்பது.

அவள் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

ஈச்சனாரி அருகே பின்னாலிருந்து, "ஏனுங்க, நாம எங்க போறோம்?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்றேன். யாருக்கு என்ன என்று கேட்டாள்.

வாசலில் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். டாக்டர் வருவதற்குள் கொஞ்சம் தெளிந்துவிட்டாள். டாக்டர் அவளை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். தலைவலி, வாந்தி, இப்போது குழப்பம். இந்த நோய் சில பேருக்கு மூளைக்குப் போவதுண்டு. நாளைக்கே ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்.

திரும்பி வரும்போது அவள் தூங்கினாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஜூன் 30, வெள்ளி

ஸ்கேன். பிறகு இருபதாவது சிட்டிங். திருச்சியில் படிக்கும் மகளுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 1, சனி

மூளையில் ஒன்றும் இல்லை. டாக்டரே போனில் கூப்பிட்டுச் சொன்னார். அப்படியானால் எதனால் என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

வாசலுக்குப் போய் வண்டியைத் துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லை. சும்மா துடைத்தேன்.

ஜூலை 3, திங்கள்

ஆறரைக்கு வண்டியை எடுத்து வெளியே நிறுத்திவிட்டு வந்தேன். அவள் புடவை மாற்றவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வல்லீங்க. என்னால முடியாது. கார்ல ஏறுனாலே அந்த ரூமு ஞாபகம் வந்து பொரட்டுது. தலைய ரெண்டாப் பொளக்குது. மிச்சம் இருக்கறது அஞ்சுதான்னு நீங்க சொல்லுவீங்க, எனக்கும் தெரியுது. அஞ்சு தடவ அந்தக் கதவத் தொறந்து ஏற எனக்குத் தெம்பில்லீங்க."

நான் எவ்வளவோ சொன்னேன். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை அவள் கேட்ட கேள்வி காதிலேயே இருக்கிறது. இன்னொரு தடவை அப்படிக் கேட்டால் என்னால் தாங்க முடியாது. வண்டியை உள்ளே விட்டேன்.

மதியம் மயில்சாமி வந்து சத்தம் போட்டார். அவளிடம் இல்லை, என்னிடம். பிடித்து ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே என்றார்.

ஜூலை 6, வியாழன்

டாக்டர் ஹெப்சிபா இரண்டாவது தடவையாகப் போன் செய்தார். இடையில் விட்டால் இதுவரை வைத்ததன் பலன் குறையும், எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது என்றார். சாந்தாமணி போனை வாங்கி, மன்னியுங்கள் டாக்டர் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

தலைவலி இல்லை. வாந்தி இல்லை.

ஜூலை 10, திங்கள்

காலை தோசை மூன்று. மாலையில் கோயில் வரை நடந்து போய்வந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள், கரண்ட் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை, நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஒரு வாரத்தில் எப்படித் தேறிவிட்டாள். நிறுத்தியதில் தவறில்லை.

ஜூலை 14, வெள்ளி

சிகிச்சையை நிறுத்துவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நானே எழுதினேன். 'எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, பூரண சுயநினைவோடும் முழு மனச் சம்மதத்தோடும்.' ஆயிரம் பேருக்கு எழுதிய வரி. சாந்தாமணி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலை 17, திங்கள்

கடிதத்தைக் கொடுக்க நான் மட்டும் கோவைக்குப் போனேன். பொள்ளாச்சியிலிருந்து நல்ல மழை. என் பக்கத்துக் கண்ணாடியையும் முழுக்க ஏற்றிவிட்டேன். கிணத்துக்கடவு தாண்டும்போது தலை வலித்தது. ஈச்சனாரிக்குள் கண் சொருகிக்கொண்டு வந்து, எதிரே வந்த லாரி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. ஓரம் கட்டி இறங்கி மழையில் நின்றேன். சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. ஏறி ஸ்டார்ட் செய்தபோது மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, விளக்கை அணைக்க அதே தெருவில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஃபெலிக்ஸ் என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும். ஸ்கேனரைப் பார்த்துவிட்டு வண்டியை லிப்டில் ஏற்றினார். பின் சென்சாரின் ஒயர் பைப்பில் பட்டு உருகியிருந்தது. பிறகு ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து இணைப்புகளில் அடித்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஓர் இணைப்பில் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. அதற்கு நேர் மேலே, ஒயர் உள்ளே போகிற ஓட்டையில் அடைப்பு ரப்பர் இல்லை. ஒரு ரூபாய் நாணயம் போகிற அளவு ஓட்டை. அவர் அதில் விரலை விட்டு, உள்ளே கார்ப்பெட்டை அசைத்துக் காட்டினார்.

கைதுடைத்துக்கொண்டு கேட்டார், "பின் சீட்ல யாருங்க சார் உக்காருவாங்க?"

வீட்டில் அவர்கள் என்றேன்.

"தலவலி, வாந்தின்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

அவர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

மெதுவாகச் சொன்னார். கன்வெர்ட்டர் இல்லாத வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தத்தில் ஏறிவிட்டால் மூச்சுக்காற்று ஏறாது. தலை வலிக்கும், குமட்டும், புத்தி தடுமாறும், முகம் சிவந்துகூடத் தெரியலாம். காற்றாட இருந்தால் தெளிந்துவிடும். இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பழையதையே வைத்திருக்கிறார்கள், போல்ட் இரண்டு முறுக்கவே இல்லை. விளக்கு எரியாமல் இருக்க வேண்டுமானால் கசிவு பார்த்து, கன்வெர்ட்டர் போட்டு, சென்சாரை அதன் இடத்தில் வைப்பதுதான் வழி, அதை ஏமாற்றக் கூடாது என்றார். தண்டபாணியைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை.

நோட்டு என் பையில் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். திங்கள் தலைவலி, செவ்வாய் தலைவலி, புதன் வாந்தி. சனி இல்லை, ஞாயிறு இல்லை. மயில்சாமி காரில் போன அன்று இல்லை. எல்லாம் என் கையெழுத்து.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். பைலில் சேர்த்தாகிவிட்டது, டாக்டர் ஊரில் இல்லை, புதன்கிழமை அழைத்து வாருங்கள் என்றார்கள். பஸ்ஸில் வந்தேன்.

வண்டி எங்கே என்று சாந்தாமணி கேட்டாள். ரிப்பேர் என்றேன்.

ஜூலை 18, செவ்வாய்

காலையில் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மதியம் சாப்பிடும்போது நினைத்தேன். சொல்லவில்லை.

நாலு மணிக்கு அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். கொடியில் கிடந்த துண்டின் மேல் கையை வைத்தபடி நின்றாள். ஓட்டை, கேஸ்கெட், புகை என்று நான் சுற்றிச் சுற்றிச் சொல்லி முடித்தேன்.

"அப்ப எனக்குக் கரண்ட் ஒத்துக்கலீங்கறது?"

இல்லை என்றேன். கரண்ட்டால் ஒன்றுமில்லை என்றேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வாரமா நான் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுட்டிருந்தனுங்க. அங்க வர்ற எழுவது வயசுக்காரம்மா எல்லாம் ஒத்தையா பஸ்ல வந்து வெச்சுட்டுப் போறாங்க, என்னால முடியலயேன்னு. புள்ளைக்கு எப்படி மொகத்தக் காட்டறதுன்னு இருந்தேன்."

அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடுவதற்குக் கை போகவில்லை.

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

"அந்தச் சத்தம் உங்களுக்கு அவ்வளவு வேணுமா இருந்துச்சுங்களா? இல்ல, எங்கண்ணன் கார்ல போறது அவ்வளவு வலிச்சுதுங்களா?"

பத்து நாள் காத்திருக்க முடியாமல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைத்தான் இந்த நோட்டிலும் எழுதிவைத்திருக்கிறேன். சொல்லவில்லை. இரண்டும்தான் என்றேன்.

அவள் துணிகளை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

ஜூலை 19, புதன்

பஸ்ஸில் போனோம். டாக்டர் ஹெப்சிபா முழுக்கக் கேட்டார். பேனாவை மூடிவைத்தார். "எதுல வர்றீங்கன்னு நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். இப்போது ரத்தப் பரிசோதனை செய்தாலும் அந்தப் புகை தெரியாதாம். கெடுதல் தங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறார்.

ஆனால் கரண்ட் நின்று பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. மிச்சம் ஐந்தோடு இன்னும் இரண்டு சேர்த்து ஏழாக வைக்கலாம், நாளைக்கே தொடங்கலாம் என்றார். பைலிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துச் சாந்தாமணியிடமே கொடுத்தார். அவள் இப்போதுதான் அதைப் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் தரவில்லை.

ஜூலை 20, வியாழன்

இருபத்தொன்று. பஸ். தலைவலி இல்லை.

ஜூலை 23, ஞாயிறு

மயில்சாமியின் தோப்புக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த மட்டையைக் கீழே போட்டுவிட்டு வெகுநேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அவகிட்ட மொதல்ல சொன்னீங்களா?"

சொன்னேன் என்றேன்.

"அப்ப சரி, மாப்ள" என்றார்.

நாளையிலிருந்து தன் காரில் போகலாம் என்று தங்கைக்குப் போன் செய்திருக்கிறார். எந்தக் காரும் வேண்டாம் அண்ணா, பஸ்ஸே போதும், காத்து வருது என்று சொல்லிவிட்டாள்.

ஜூலை 24, திங்கள்

இருபத்து மூன்று. காலை ஆறு மணிக்கு உடுமலை பஸ் ஸ்டாண்டில் மயில்சாமி நின்றுகொண்டிருந்தார். பொள்ளாச்சி வழியாகப் போகும் பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு முன்னால் ஒரு சீட்டுப் பிடித்தார். அறுபது ஏக்கர் தோப்புக்காரர். தங்கையை உட்கார வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 26, புதன்

ஃபெலிக்ஸ் போன் செய்தார். கன்வெர்ட்டரோடு கம்பெனி சைலன்சர் போட்டாகிவிட்டது, ஓட்டை அடைத்தாகிவிட்டது, சென்சார் அதன் இடத்தில் இருக்கிறது, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தும் விளக்கு எரியவில்லை என்றார். யாராவது கேட்டால் விற்றுவிடுங்கள், வாங்குகிறவரிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

தண்டபாணியிடமும் சொன்னேன். ரப்பரைத் திருப்பி மாட்டினோம் என்றுதான் நினைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இதே மாதிரி இன்னும் மூன்று வண்டிக்குச் செய்திருக்கிறானாம். நான் இருக்கும்போதே அவர்களைப் போனில் கூப்பிட ஆரம்பித்தான்.

ஜூலை 28, வெள்ளி

கடைசி சிட்டிங். இருபத்தேழு.

அவள் உள்ளே இருந்த பத்து நிமிடத்தில் டாக்டரிடம் கேட்டேன். நாளைக்கு இந்த நோய் திரும்பி வந்தால், இடையில் விட்ட பத்தொன்பது நாளால்தான் வந்தது என்று ஆகுமா?

டாக்டர் சொன்னார்.

"வந்தா, எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது சார். விடாம வெச்சவங்களுக்கும் வந்திருக்கு. விட்டவங்களுக்கு வராமலும் இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியவே போறதில்ல."

ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நோட்டு இனி எழுத வேண்டியதில்லை என்றார் நர்ஸ்.

பஸ்ஸில் சாந்தாமணி ஜன்னலோரம். நான் உள்ளே இருந்தபோது டாக்டரிடம் என்ன கேட்டீர்கள் என்றாள். கேட்டதையும் அவர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடி இறக்கியிருந்ததால் முந்தானை பறந்து என் முகத்தில் அடித்தது. நான் விலக்கவில்லை.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும், "பசிக்குதுங்க, எறங்கலாம். அடுத்த பஸ்ல போயிக்கலாம்" என்றாள்.

எதிரே இருந்த ஓட்டலில் ஆளுக்கொரு ரவா தோசை சொன்னேன். தன்னுடையதைச் சாப்பிட்டு முடித்தாள். என் தட்டைப் பார்த்தாள். நான் ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் அதைத் தன் பக்கம் இழுத்து, சாம்பாரை ஊற்றி, அதையும் சாப்பிட ஆரம்பித்தாள். நிதானமாக, விளிம்பு முறுகலிலிருந்து.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்தது அதுதான்.